நுரைக்காத மருந்து

அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை எழுதியிருக்கிறேன், தோட்ட அலுவலகத்துக்குப் போன ஓர் அறிக்கையில். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதிய வாக்கியம் பொய். அதே கையால் மறுபடி எழுத மனம் வரவில்லை.

ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் வேலை பார்த்தேன். பட்டம் பெற்ற டாக்டர் அல்ல நான். மருந்து கலக்கவும் ஊசி போடவும் காயம் கட்டவும் பரீட்சை எழுதித் தேறியவன். தோட்டத்தில் எல்லாரும் ‘டாக்டரையா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அது தவறு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா எனக்கு உதவியாள். புண் கழுவுவது, கட்டுத்துணி அவிப்பது, தரை துடைப்பது எல்லாம் அவர் வேலை. எனக்கு அப்போது இருபத்தெட்டு. அவருக்கு நாற்பத்தைந்துக்குக் குறையாது. அவர் என்னை ‘ஐயா’ என்பார், ‘நீங்க’ என்பார். நான் அவரை ‘நீ’ என்றேன். தோட்டத்து உத்தியோகத்தர் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள் என்பது உண்மை. நானும் பேசினேன் என்பதும் உண்மை.

உயரம் குறைவு. இடது கை மோதிர விரலில் நகம் கிடையாது, எப்போதோ தேயிலை ஆலையின் அரவைக்காம்பராவில் போனது என்றார். கணவன் இல்லை. ஒரே மகளைக் கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஏழாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். வாழ்க்கை வரலாறாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஆனால் அவருடைய பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததைப் பார்த்த அளவுக்குச் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. காலையில் நான் வருவதற்குள் வரிசையில் நிற்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்து வைத்திருப்பார்.

“அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று கேட்பேன்.

“தொட்டேங்க, சுடுது. காய்ச்சலான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“ராத்திரி வாந்தி எடுத்துச்சாமே?”

“அவங்கம்மா சொல்லுது. நான் பாக்கல.”

முதல் சில மாதம் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வசதியாகப் போயிற்று. அவர் சொன்னதை நான் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. நோயாளிப் பதிவில் அவர் சொன்னதை அப்படியே எழுதலாம். தோட்டத்தில் கங்காணி சொன்னதையும் கணக்கப்பிள்ளை சொன்னதையும் ஒரு மாற்றுக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வோம். அந்த அம்மா சொன்னால் குறைப்பதற்கு எதுவும் இருக்காது.

ஒரு நாள் ஒரு கங்காணி ஒரு பெண்ணைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு முழங்கை கிழிந்திருந்தது. காயம் நேற்றையது, வீட்டில் விழுந்து பட்டது, வேலைக்குப் போகாமலிருக்க இன்று காட்டுகிறாள் என்பது கங்காணியின் கட்சி.

“நீயே சொல்லும்மா, இது பழைய காயந்தானே?” என்று அந்த அம்மாவிடம் கேட்டார். கேட்ட தோரணையில் பதிலும் இருந்தது.

அந்த அம்மா காயத்தின் ஓரத்தை விரலால் தொட்டு, விரலைக் கங்காணியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “ரத்தம் இன்னும் ஒட்டுதுங்க. நேத்துப் பட்டிருந்தா காஞ்சிருக்கும்.”

“ஓ, நீ என்னா பெரிய டாக்டரா?”

“இல்லீங்க. கண்ணு இருக்கு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி என்னைப் பார்த்தார். நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் லீவு எழுதிக்கொடுத்தேன், கங்காணி போன பிறகு.

எங்கள் டிஸ்பென்சரியில் காயத்துக்கு இரண்டு மருந்து. ஒன்று கொண்டிஸ், தண்ணீரில் போட்டால் கத்திரிப்பூ நிறமாகும் பொடி. தொட்ட துணியையெல்லாம் பழுப்பாக்கிவிடும். மற்றது ஹைட்ரஜன் பெராக்சைட். பார்வைக்குத் தண்ணீர்தான். காயத்தில் ஊற்றினால் பொங்கி நுரைக்கும். இதன் மேல் அந்த அம்மாவுக்குத் தனிப் பிரியம். ஊற்றிவிட்டுக் குனிந்து காயத்துக்கிட்டே காதை வைப்பார். சோடா போத்தலைத் திறந்தமாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். அது அடங்கும்வரை அசையமாட்டார். அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவார்.

இதனால் லயத்தில் அவருக்கு ‘நொரையம்மா’ என்று பெயர்.

“என்னா நொரையம்மா, புண்ணு என்னா சொல்லுது?” என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் கேட்பான்.

“ம்? அடுத்தவன் பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே கத்தி வீசாதடான்னு சொல்லுது.”

சுற்றி இருப்பவர்கள் சிரிக்கும்போது அவர் சிரிக்கமாட்டார். காது அப்போதும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். என்னிடமிருந்த கைநூலில் காயத்தைத் தினமும் பெராக்சைட்டால் கழுவவேண்டும் என்று இருந்தது. நானும் அப்படியே சொல்லிவந்தேன். ஒரு நாள் ஒரு கிழவரின் காலைக் கழுவும்போது அந்த அம்மா கொண்டிஸையும் தொடவில்லை, பெராக்சைட்டையும் தொடவில்லை. ஆறிய வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன் மருந்து ஊத்தல?”

“புதுச்சதை வந்திருச்சுங்க. செவப்பா வருது. அதுல இத ஊத்துனா மறுநாள் வெள்ளையாப் போவுது. அஞ்சாறு பேருக்குப் பாத்துட்டேன். கெட்டதையும் எரிக்குது, நல்லதையும் எரிக்குதுங்க.”

“புத்தகத்துல இருக்கிறத நீ மாத்தப் போறியா?”

“இல்லீங்க. பாத்ததச் சொன்னேன்.”

அன்று திட்டிவிட்டேன். அடுத்த சில வாரம் நானே உற்றுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்றாம் நாளுக்கு மேல் பெராக்சைட் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதை நான் கண்டுபிடித்ததுபோல ஒட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டியிருக்கவேண்டும். “நல்லதுங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் ஓரளவு ஒழுங்காகப் படித்தேன். தண்ணீரோடு ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பெராக்சைட். அந்த அணு அங்கே நிலையாக இராது. நம் இரத்தத்திலும் சதையிலும் இருக்கும் ஒரு பொருள் பட்டவுடனே மருந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடையும். நுரை அதுதான். கொல்வது நுரை அல்ல. உடையாமல் தப்பிய மருந்து கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. உள்ளே துளியளவு இரும்பு இருக்கிறது. இரும்பு பட்டதும் அது வேறு விதமாக உடைந்து, கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாத ஒரு வெறி பிடித்த துண்டாகிறது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எரிக்கிறது. கிருமியின் தோலை, அதன் புரதத்தை, அது தன்னைப்போல் இன்னொன்றைச் செய்ய வைத்திருக்கும் நூலை. காற்றில் வாழும் கிருமிகள் இந்த நெருப்பை அணைக்கக் கொஞ்சம் வழி வைத்திருக்கின்றன. காற்றுப் படாத மண்ணடியிலிருந்து வருபவற்றுக்கு அந்த வழி மிகக் குறைவு. நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள்கூடக் கிருமியை விழுங்கி இதே நெருப்பைத் தாமே மூட்டித்தான் கொல்கின்றனவாம். அந்த நெருப்புக்கு நம் சதை, கிருமி என்ற பேதம் தெரியாது. அந்த அம்மா ஐந்தாறு பேர் காலைப் பார்த்துச் சொன்னதும் இதுதான்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். நாட்குறிப்பு எழுதுகிறவன். மேசையில் பேனா கோணலாக இருந்தால் நேராக வைக்காமல் அடுத்த வேலை ஓடாது. எங்கள் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்து மூன்று மாதமாகியிருந்தது. சீமையிலிருந்து நேரே வந்தவர். தமிழில் ‘வா’, ‘போ’, ‘சுருக்கா’ என்ற மூன்று சொல்தான் தெரியும். அவர் டிஸ்பென்சரியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மருந்துகள் பழுப்புப் போத்தலிலும் நீலப் போத்தலிலும் தகரத்திலுமாக உயரம் உயரமாக நின்றன. பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் ஒரே அளவான வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்கள் கிடைத்தன. எல்லா மருந்தையும் அவற்றுக்கு மாற்றினேன். ஒரே அளவில் லேபிள் வெட்டி ஒட்டினேன். கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு பலகை அடித்து வரிசையாக வைத்தேன். காலை வெயில் பட்டதும் அந்த வரிசை பளபளத்தது.

அந்த அம்மா பெராக்சைட் வந்த காலியான பழுப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இது ஒண்ணு மட்டும் இந்தக் கறுப்புப் போத்தல்லயே இருக்கட்டுங்களே.”

“ஏன்?”

“தெரியலீங்க. எப்ப வந்தாலும் கறுப்புப் போத்தல்லதான் வருது. சும்மாவா அப்பிடிச் செஞ்சிருப்பாங்க?”

“எனக்குத் தெரியும். நீ தூக்கிப் போடு.”

எனக்குத் தெரியும் என்றது உண்மை. வெளிச்சமும் சூடும் பட்டால் பெராக்சைட் தானே உடைந்து வெறும் தண்ணீராகிவிடும், இருட்டில் வை என்று என் கைநூலிலேயே இருந்தது. இரண்டு மூன்று நாளில் என்ன ஆகிவிடும், துரை வந்து போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். துரை வரவில்லை. கொழும்புக்குப் போனார், பிறகு பெரிய துரைமார் கூட்டம் என்றார்கள், பிறகு மழை. வரவு தள்ளித் தள்ளி இரண்டு மாதமாயிற்று. போத்தல்கள் ஜன்னலிலேயே நின்றன. வரிசை கலையக்கூடாது என்று சிறு காயங்களுக்கெல்லாம் கொண்டிஸையே போடச் சொன்னேன். தினமும் காலையில் அந்த வரிசையைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறார் என்று உறுதியாயிற்று. ஒன்பதேகாலுக்கு நான்கு பேர் ஓர் ஆளைத் தூக்கிவந்தார்கள்.

அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைச் செடி இடுப்பளவில் நறுக்கப்பட்டு ஈட்டி ஈட்டியாக நிற்கும். மழையில் சறுக்கி விழுந்திருக்கிறார். நறுக்கிய தேயிலைக் கட்டை ஒன்று கெண்டைக்காலில் ஆழமாகக் குத்தி, மண்ணோடு உள்ளே முறிந்திருந்தது. அந்த ஆள் ஏழாம் நம்பர் லயத்துக்காரர். அந்த அம்மாவுக்கு மூன்று காம்பரா தள்ளி வீடு. கல்யாணமாகும்வரை அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டவர்.

முறிந்த கட்டையை நான் எடுத்தேன். அந்த அம்மா ஜன்னலோரப் போத்தலை எடுத்து ஊற்றினார். குனிந்து காதை வைத்தார். மறுபடி ஊற்றினார். பிறகு நிமிர்ந்தார்.

“ஐயா, நொரைக்கல.”

“அழுக்கு இல்லேன்னா நுரைக்காது.”

“உள்ளுக்கு மண்ணு இருக்குங்க. ரத்தம் இருக்கு. ரத்தம் பட்டாலே நொரைக்குமுங்களே. இது மருந்து இல்லீங்க, தண்ணி.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது.

“கொண்டிஸ் கரைச்சு ஊத்தட்டுங்களா? உள்ள போற மாதிரி கொஞ்சம் அறுத்துவிட்டீங்கன்னா…”

மேசையில் புது வெள்ளை விரிப்பு. தரை துடைத்துக் காய்ந்து கிடந்தது. கொண்டிஸ் ஊற்றினால் எல்லாம் கத்திரிப்பூ நிறமாகி, துரை வரும்போது பழுப்புக் கறையாக நிற்கும். இப்படி நினைத்தேன் என்பதை இத்தனை வருடம் கழித்தும் வேறு விதமாக எழுத முடியவில்லை.

“பேசாம கட்டு. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டினார். பத்து மணிக்குத் துரை வந்தார். போத்தல் வரிசையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல வேலை என்றார்.

மறுநாள் அந்த ஆள் வரவில்லை. அடைமழை. நானும் போய்ப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை அந்த அம்மாதான் வேலைக்கு வரும் வழியில் அவர் காம்பராவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“கால் வீங்கிப் பளபளன்னு இருக்கு. தொட்டா உள்ள நெறுநெறுங்குது, உப்ப மிதிச்ச மாதிரி. நாத்தம். நீங்க இப்பவே வாங்க.”

மண்ணடியில் காற்றில்லாமல் வாழும் கிருமி சதைக்குள் வாயுவைக் கிளப்பினால்தான் அப்படி நெறுநெறுக்கும். தேயிலை லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் பிழைத்தது. இடது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று.

நல்ல மருந்தாக இருந்திருந்தால் கால் தப்பியிருக்குமா? ஆழமான காயம், நிறைய மண். தப்பாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்குப் பின்னால் நான் வருடக்கணக்காக ஒளிந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலையே ஜன்னலோரப் போத்தலை வாய்க்காலில் கொட்டினேன். புதுப் பெராக்சைட்டுக்கு எழுதிப்போட்டேன். வந்ததை அலமாரியின் இருட்டு மூலையில், வந்த போத்தலிலேயே வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் துரை விசாரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து, காயம் முதலில் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று கடிதம் வந்திருந்தது. அலுவலகத்தில் துரை நாற்காலியில் இருந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா வாசற்படிக்கு உள்ளே, செருப்பில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரை ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்லவேண்டும். அந்த அம்மா தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அவர்கள் இருவருக்கும் நடுவில் வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

காயத்தைக் கழுவினாயா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“கழுவுனேங்க. ரெண்டு தடவ ஊத்துனேன். நொரைக்கல. காத வச்சுக் கேட்டேன், சத்தமே வரல. ஐயாகிட்ட சொன்னேன், இது தண்ணின்னு. கொண்டிஸ் ஊத்தட்டுமான்னு கேட்டேன். ஐயா வேணாம், கட்டுன்னாங்க. கட்டுனேன். இதாங்க நடந்தது.”

துரை என்னைப் பார்த்தார். அவசரத்தில் கழுவினாளாம், சரியாக நினைவில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை தாளில் குறித்துக்கொண்டார். அந்த அம்மா துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நான் சொன்னத முழுசாச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“ரொம்பச் சின்னதா இருந்துச்சுங்களே.”

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறாள் என்றேன்.

துரையின் முகம் கொஞ்சம் இளகியது. அதனால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டி அனுப்பவில்லை. டிஸ்பென்சரி வேலையிலிருந்து எடுத்துக் கொழுந்து பறிக்க அனுப்பினார். என் பொய்தான் அவரைத் தோட்டத்தில் நிறுத்தியது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையையும் நானே எழுதினேன். எழுத்து மிக அழகாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் மழை விட்டது என்று மட்டும் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றார். அந்த வயதில் மலை ஏறிப் பழகவேண்டியிருந்தது. இளம்பெண்களின் நிரையில் கடைசியாகப் போவார். அதைவிட மோசமானது ஏழாம் நம்பர் லயத்தில் நடந்தது. கால் போன ஆள் ஊன்றுகோலோடு திரும்பி வந்திருந்தார். அவர் மனைவி காலையில் குப்பையைக் கூட்டி, கடைசிக் காம்பராப் பக்கமாகத் தள்ளிவிடுவாளாம். லயத்துக்குப் பொதுவான பீலியில் அந்த அம்மா தண்ணீர் பிடித்தால், இவள் தன் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போவாளாம். கங்காணிகூட ஒரு நாள் பெரட்டில் கேட்டாராம், “கண்ணு இருக்குன்ன, அன்னைக்கு எங்க போச்சு அந்தக் கண்ணு?” அதற்கு யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு தோட்டமே நம்பியிருந்தது. அவரிடம் இருந்த ஒரே சொத்து அது. அதை நான் இரண்டு வாக்கியத்தில் எடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை, கொழுந்தை எடை போட்டுவிட்டு அவர் வரும் குறுக்குப் பாதையில் போய் நின்றேன். வெற்றுக் கூடையோடு தனியாக வந்தார். வழிவிட்டு ஒதுங்கினார்.

“ஒரு நிமிஷம் நில்லுங்க,” என்றேன். அன்றுதான் முதல் முறையாக அவரை அப்படிச் சொன்னேன். அவர் அதைக் கவனித்தார்.

“துரைகிட்ட நான் சரியா சொல்லல. நீங்க சொன்னத மாத்திச் சொன்னேன்.”

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“துரை மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். நான் சொன்னது அவரு காதுல விழுந்திருந்தா உங்க பக்கம் திரும்பியிருப்பாரு. திரும்பல. எழுதுனாரு.”

துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினார்.

“துரைகிட்ட சொன்னா உங்க வேலை போவும். எனக்கு அந்த வேலையும் வேணாம். எங்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்குத்தான் தெரியுமே. அவன்கிட்ட சொல்லுங்க. எங்கையால தின்னு வளந்தவன். கழுவாம கட்டிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கான். நான் சொல்லிப் பாத்தேன். ‘தப்பிச்சுக்கிறதுக்கு டாக்டரையா தலையில போடுறியா’ன்னு அவன் பொண்டாட்டி கேக்குறா. நீங்க சொன்னா நம்புவாங்க. அது ஒண்ணு போதும்.”

“நாளைக்கு வர்றேன்.”

“வாங்க,” என்றார். அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஏழாம் நம்பர் லயத்துக்குப் போனேன். என்ன சொல்லவேண்டும் என்பதை வழியெல்லாம் மனத்துக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். மருந்தை நான்தான் வெயிலில் வைத்தேன். அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. மூன்றே வாக்கியம்.

டாக்டரையா லயத்துக்கு வருவது சாதாரணம் அல்ல. பக்கத்துக் காம்பராக்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். இருந்த ஒரே முக்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மனைவி எனக்குப் போட்டாள். பாலில்லாமல் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், சாயத்தண்ணி, வந்தது, கருப்பட்டித் துண்டோடு.

“எப்படி இருக்கு?”

“இல்லாத காலுதான்யா அரிக்குது,” என்று சிரித்தார். “அதச் சொறிய முடியல பாருங்க.”

நானும் சிரித்தேன். பிறகு, “ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்,” என்றேன்.

“சொல்லுங்கய்யா.”

அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “நீங்க இல்லேன்னா இந்த மனுசன் இன்னைக்கு இல்லீங்கய்யா. அன்னைக்கு லொறியப் பிடிச்சு ஏத்தி அனுப்புனீங்களே. எங்க சாமி படத்துக்குப் பக்கத்துல உங்களத்தான் நெனச்சுக்கிறேன். கழுவுறவ ஒழுங்காக் கழுவியிருந்தா நீங்க இம்புட்டுப் பாடுபட வேண்டியதே இல்ல.”

“விடு புள்ள,” என்றார் அந்த ஆள். “அத்த என்னமோ நெனப்புல விட்டிருச்சு. வேணும்னா செஞ்சிருக்கும்? ஆனா தன் மேல பிழை இல்லேன்னு அது சொன்னதுதான்யா எனக்குத் தாங்கல. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே.”

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயத்தண்ணி கையில் சுட்டது.

“தையல் போட்ட இடத்துல ஈரம் தங்கவிடாதீங்க,” என்றேன். “துணி சுத்தும்போது நல்லாக் காஞ்ச துணியாச் சுத்துங்க.”

“சரிங்கய்யா,” என்றார் அவர். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தார் டாக்டரையா என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயத்தண்ணியை முழுவதும் குடித்தேன். வெளியே வந்தேன்.

அந்த அம்மா பீலிக்கரையில், இந்தக் காம்பரா வாசல் தெரிகிற பக்கமாக நின்றுகொண்டிருந்தார். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வேலைக்கு உடுத்தும் சேலை இல்லை, வெளுத்த சேலை உடுத்தியிருந்தார். தலை வாரியிருந்தார். பின்னால் அந்த மனைவி “போய்ட்டு வாங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பீலிக்கரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. குனிந்து குடத்தை இழுத்து எனக்கு வழிவிட்டார்.

“அந்தப் படியில பாசி இருக்குங்க ஐயா,” என்றார். “ஓரமாக் கால வச்சு எறங்குங்க.”

நான் அவர் காட்டிய ஓரத்தில் கால் வைத்து இறங்கினேன்.